சுட்டது சப்பாத்தி

வாடா பேராண்டி, வா. உக்காரு. திண்ணையில தூசி இருக்கு, உன் பெங்களூரு பேண்ட்டுல ஒட்டத்தான் செய்யும். பரவாயில்ல, தூசியும் நம்ம வீட்டுச் சொத்துதான். அதுலயும் உனக்குப் பாகம் உண்டு.

வீடு பிரிக்க வந்தவன் பரணுல ஏறிட்டான்னு விடியக்காலமே தெரு பூராப் பேச்சு. பித்தளை அண்டாவை இறக்குவ, தேக்குப் பொட்டியை இறக்குவ, எங்க ஆத்தாவோட பாக்குவெட்டிக்கு உங்க அத்தைகிட்ட மல்லுக்கு நிப்பன்னு பாத்தா, மக்கிப்போன வேட்டியில சுத்தி, நாலடிக்குக் கொஞ்சம் குறைச்சலா ஒரு சாமானை இறக்கி, உள்கட்டுல வச்சுக் கதவைச் சாத்திட்டியாமே!

எனக்கு முன்னமே தெரியாதான்னா கேக்குற? எனக்கு 78 வயசு. பரணுல ஏறி முப்பது வருசம் இருக்கும். மேல கெடக்குறது துப்பாக்கியா தொரட்டியான்னு எந்த அதிகாரி வந்து கேட்டாலும், "கண்ணு மங்கலுங்க எசமான்"னு ஒரே பேச்சுத்தான் பேசுவேன். உனக்குத்தான் ஆண்டவன் நல்ல பார்வையைக் கொடுத்திருக்கான். நீ பாத்துட்ட. பாத்ததோட நிக்காம அதைப் புதுசாக்கி, உன் வீட்டுக் கூடத்துல மாட்டப்போறேங்கிற.

மாட்டு, நல்லா மாட்டு. மாட்டுறது துப்பாக்கியா நீயான்னு அப்புறம் பாத்துக்கலாம்.

சரி, என்னென்ன சாமான் வாங்கியாந்திருக்கன்னு எடுத்து வை. உப்புத்தாள், மூணு நம்பர்ல. துரு போக்குற ஸ்ப்ரே. ஆளிவிதை எண்ணெய் ஒரு டப்பா. இது எதுக்கு, தாளிக்கவா? கட்டைக்குப் பூசவா, சரி சரி. அப்புறம் போனுக்குள்ள ஒரு வெள்ளைக்காரன். தாடியும் மேலங்கியுமா, துப்பாக்கியைப் புள்ளை குளிப்பாட்டுற மாதிரி மடியில போட்டுத் தேய்க்கிறான். கண்ணுல ஒத்திக்கிடலாம் போல இருக்கு. அவன் அமெரிக்காக்காரன் அப்பு. அவன் ஊருல துப்பாக்கி வச்சிக்கிறது அரசியல் சாசனத்துல எழுதின பாத்தியதை. நம்ம ஊருல அரிவாளை அரையடி நீட்டினாலே ஏட்டையா டீ குடிக்க வந்துருவாரு. அவன் செய்முறை நம்ம தண்ணிக்கு ஒத்துக்காது.

இருந்தாலும் நானும் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. சிவகங்கைக் கோர்ட்டு வளாகத்துல வக்கீல் குமாஸ்தாவா முப்பது வருசம் கட்டு சுமந்தவன். நான் சட்டம் படிக்கல, சட்டத்தை முதுகுல சுமந்தேன். அதனால கேளு.

முதல்ல அது என்ன சாமான்? கட்டைக்கும் இரும்புக்கும் நடுவுல, கைப்பிடிக்கு மேல ஒரு வளையம் மாதிரி இருக்குமே, அங்க ஒரு கிரீடம், அதுக்குக் கீழ ஜி.ஆர்.ஐ.ன்னு மூணு எழுத்து, இஷாப்பூர், 1942. அதானே? ஜி.ஆர்.ஐ.ன்னா சக்கரவர்த்தி ஜார்ஜ் ராசாவோட முத்திரை. இஷாப்பூர் கல்கத்தாப் பக்கம். அங்க 1904ல துப்பாக்கிப் பட்டறை வச்சான் வெள்ளைக்காரன். லீ என்ஃபீல்டுன்னு பேரு, பட்டாளத்துலயும் போலீசுலயும் 'த்ரீ நாட் த்ரீ'. பத்துக் குண்டு கொள்ளும், நாலு கிலோ கனம். ரெண்டு உலக யுத்தமும் இதுலதான் ஓடுச்சு. சுதந்திரம் வந்த பின்னாடியும் நம்ம போலீசுக்காரக இதைத்தான் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாக. உத்தரப் பிரதேசத்துல 2020 சனவரி 26, குடியரசு தினத்து அணிவகுப்போடதான் இதுக்கு ஓய்வு கொடுத்தாக. போலீசே ஓய்வு கொடுத்த கிழவனை நீ எழுப்பி நிக்க வைக்கப் போற.

பின்கட்டையோட அடியில பித்தளைத் தகடு இருக்கு பாத்தியா? அதுல ஒரு சின்னக் கதவு. நகத்தால நெம்பினா திறக்கும். உள்ள பித்தளையில ஒரு எண்ணெய்க் குப்பி, கூடவே ஒரு கயிறு. கயித்து நுனியில துணியைக் கட்டி, குழலுக்குள்ள விட்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருவுவாக. அதைத் திறந்து பாத்தியா? பாக்கலையா? என்னடா என்ஜினியரு நீ. கதவு இருந்தா திறந்து பாக்க வேணாமா?

இப்ப உன் வெள்ளைக்காரன் சொல்றதுல ஒண்ணு உண்மை. எண்ணுப் பொருத்தம். குழல்ல ஒரு நம்பர், உடம்புல ஒரு நம்பர், நாதாங்கி மாதிரி இருக்கிற போல்ட்டுல ஒரு நம்பர் அடிச்சிருப்பான். மூணும் ஒண்ணா இருந்தாத்தான் மதிப்பு. நம்ம வீட்டுச் சாதகப் பொருத்தம் மாதிரிதான், ஆனா இங்க பத்துக்கு எட்டு இருந்தாப் போதும்னு சமாளிக்க முடியாது. போல்ட்டு அந்தந்தத் துப்பாக்கிக்குன்னே இழைச்சுப் பொருத்தினது. வேற ஒண்ணோட போல்ட்டை மாட்டிச் சுட்டா, தோட்டாவோட அடிப்பக்கம் கிழிஞ்சு புகை பின்னால சீறும். முன்னால நிக்கிற பன்னி தப்பிச்சுக்கும், பின்னால நிக்கிற உன் கண்ணு போயிரும்.

ஆனா நம்ம துப்பாக்கிக்குத்தான் போல்ட்டே இல்லையேன்னு முழிக்கிற. ஆமா, இல்ல. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பொறு, அதுக்கு வர்றேன்.

போல்ட்டு இல்லாட்டி என்ன, இணையத்துல ஆர்டர் போட்டு வரவழைச்சுக்கிறேங்கிறியா? போடு. சட்டத்துல ஆயுதம்னா முழு ஆயுதம் மட்டும் இல்ல பேராண்டி, அதோட பாகமும் ஆயுதம். குழலைத் தனியா வச்சிருந்தாலும் ஆயுதம், போல்ட்டைப் பொட்டலமா வரவழைச்சாலும் ஆயுதம். சுங்கத்துல பொட்டலத்தைப் பிரிக்கிறவன் உனக்கு மாமனா மச்சானா?

அந்தச் சட்டம் இருக்கே, 1959 ஆயுதச் சட்டம், அதை எழுதினவன் நம்மளவிடப் பெரிய நையாண்டிக்காரன். 45ஆம் பிரிவுன்னு ஒண்ணு. யார் யாருக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்ற பிரிவு. அதுல ஒரு விலக்கு: பழைய மாதிரி ஆயுதம், இல்ல தொன்மைக்காக மதிப்பு உள்ளது, இல்ல பழுதாப்போனது – இதையெல்லாம் வச்சிக்கிடலாம். ஆனா ஒரு நிபந்தனை. அது துப்பாக்கியா வேலை செய்யக் கூடாது. ரிப்பேர் பண்ணாமலும் வேலை செய்யக் கூடாது, ரிப்பேர் பண்ணினாலும் வேலை செய்யக் கூடாது!

சிரிக்கிற. இப்பத்தான் உனக்கு ஓடுது. செத்த துப்பாக்கின்னா சாவுச் சான்றிதழ் வேணும், வைத்தியம் பாத்தாலும் பிழைக்காதுன்னு. நீ என்ன செய்யற? வைத்தியம் பாத்துப் பிழைக்க வைக்கப் போறேங்கிற. நீ தேய்ச்சு எடுக்குற ஒவ்வொரு மணித் துருவும் உனக்கு எதிரா சாட்சி சொல்லும். "ஐயா, நான் பேசாமத்தான் கெடந்தேன், இந்தத் தம்பிதான் என்னைச் சுரண்டி எடுத்தாரு"ன்னு.

அதுலயும் 303ன்னா தனிச் சங்கதி. பட்டாளத்துத் தோட்டா எதுல போகுமோ அதெல்லாம் தடை செஞ்ச ரகம். கலெக்டரே கையெழுத்துப் போட முடியாது, டில்லி உள்துறை வரைக்கும் போகணும். அதனாலதான் லைசென்சு வாங்குற குடியானவனுக்குன்னு அதே லீ என்ஃபீல்டு அச்சுல 315ன்னு வேற தோட்டாவுக்கு ஒண்ணு செஞ்சு வித்தாக. அப்பன் சாப்பாட்டைப் புள்ளை சாப்பிட முடியாத மாதிரி ஏற்பாடு.

லைசென்சு இல்லாமத் தடை ரகத்தை வச்சிருந்தா, 2019ல திருத்தினதுக்கு அப்புறம், குறைஞ்சது 7 வருசம், கூடினா 14. ராமருக்கு 14 வருசம் காடாவது கிடைச்சுது. லைசென்சு இல்லாம ரிப்பேர் பாக்குறவனுக்கு 7ல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும். ஆசாரி பட்டறைக்குக் கொண்டுபோய் 'இதுக்கு ஒரு நாதாங்கி அடிச்சுக் கொடுங்க'ன்னு கேக்கலாம்னு இருந்தியே, அந்த மனுசன் நம்ம ஊருக் கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் மூணு தலைமுறையாப் பட்டம் தீட்டுறவரு. அவரு பொண்ணுக்குத் தையில கலியாணம் வச்சிருக்கு. ஆளை விடு.

உன் கூட வேலை பாக்குற குடகுக்காரப் பையன் வீட்டுல சுவரு பூராத் துப்பாக்கி தொங்குது, அவன் லைசென்சே வாங்கலங்கிற. நெசம்தான். குடகுக்காரகளுக்கு வெள்ளைக்காரன் காலத்துலயே விலக்கு. இப்பவும் 2029 வரைக்கும் நீட்டி வச்சிருக்கு டில்லி. கைல்பொளுதுன்னு ஆயுதத்துக்குப் பண்டிகையே வச்சு, பூ வச்சுக் கும்பிடுவாக. அவன் குடகன் அப்பு, நீ ஒக்கூரான். அவன் துப்பாக்கியைப் பாத்து நீ துப்பாக்கி வைக்காதே. வேணும்னா அவன் காப்பிப் பொடியைக் கேட்டு வாங்கிட்டு வா.

நம்ம சீமையில இந்தக் கெடுபிடி எப்ப ஆரம்பிச்சுதுன்னா, அதுலயும் நமக்கொரு பெருமை இருக்கு. பக்கத்துத் திருப்பத்தூர்ல 1801 அக்டோபர் 24ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாக. அந்த டிசம்பருலயே, பாளையக்காரக சீமையில எவனும் ஆயுதம் வச்சிருக்கப்படாதுன்னு கம்பெனி தண்டோரா போட்டுச்சு. வெல்ஷுன்னு ஒரு கம்பெனி அதிகாரி. வேல் எறியவும் வளரி வீசவும் அவனுக்குக் கத்துக் கொடுத்ததே சின்ன மருதுதான். அவனே எழுதி வச்சிருக்கான். கத்துக்கிட்ட சில வருசத்துல, வாத்தியாரைத் தேடி வந்த படையில அவனும் ஒருத்தன். வளரி இப்ப மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு. அதுக்கு லைசென்சு வேணாம், வீசத்தான் ஆளு இல்ல.

அப்புறம் 1857. என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவுல தடவின கொழுப்பு என்ன கொழுப்புங்கிறதுல வடக்க கலகம் வெடிச்சுதுல்ல, அது அடங்கின பின்னாடி வெள்ளைக்காரன் ஒரு காரியம் பண்ணான் பாரு. துப்பாக்கிக் குழலுக்குள்ள புரி இருக்கும், திருகாணிக்குள்ள இருக்கிற மாதிரி. அதுதான் குண்டைச் சுழல விட்டு நேராப் போகச் செய்யும். நம்ம ஆளுக கையில கொடுக்கிறதுல அந்தப் புரியே இல்லாம வழவழன்னு குழல் போட்டுக் கொடுத்தான். அவனுக்குப் புதுசு வந்தா இவனுக்குப் பழசு. அண்ணன் சட்டை தம்பிக்குங்கிற கணக்கு. 1878ல ஆயுதச் சட்டம் போட்டப்ப நமக்கு லைசென்சு, அவனுக்கு வேணாம். ஆக நம்ம கையில துப்பாக்கி வந்த காலத்துல எல்லாம் ஒண்ணு குறி தப்பும், இல்ல காகிதம் தப்பும்.

இப்ப உன் பெருமைக்கு வர்றேன். "பூட்டன் பட்டாளத்துல சண்டை போட்ட துப்பாக்கி"ன்னு கீழ ஒரு பலகை எழுதி மாட்டப் போறேன்னு சொன்னியாம். உன் பூட்டன்னா எனக்கு அப்பன். அவுக கதை எனக்குத் தெரியாதா?

உன் தாத்தன், எங்கண்ணன், ஒரு கதை சொல்லுவாரு: இம்பால்ல ஒரு வெள்ளைக்காரத் துரையோட உயிரை எங்கய்யா காப்பாத்துனாக, துரை கண்ணு கலங்கித் துப்பாக்கியை இனாமாக் கொடுத்தாருன்னு. உங்க அத்தை சொல்ற கதையில எங்கய்யா நேதாஜி படைக்குப் போயிருவாக. மேலத் தெருவுல ஒருத்தன் சொல்ற கதையை நான் இங்க சொல்ல முடியாது. கதை மூணு இருக்கு, காகிதம் ஒண்ணுகூட இல்ல. பட்டாளத்துல தகரத் தட்டு தொலைஞ்சாலே சம்பளத்துல பிடிப்பான் பேராண்டி. பென்சன் கொடுப்பான், பித்தளையில மெடல் கொடுப்பான். துப்பாக்கியைக் கையில கொடுத்து, "போய்ப் பரணுல போட்டுக்க"ன்னு ரயிலேத்தி விடமாட்டான்.

எங்கய்யா பட்டாளத்துல இருந்தது வாஸ்தவம். இம்பால் பக்கம் போனதும் வாஸ்தவம். ஆனா இருந்தது லங்கர்ல. லங்கருன்னா பட்டாளத்து அடுப்படி. நாலு வருசம், நாளைக்கு ஆயிரம் சப்பாத்தின்னு அவுகளே சொல்லுவாக. அவுக பட்டாளத்துல சுட்டது நெசம். சுட்டது சப்பாத்தி. அந்தத் துப்பாக்கியும் சுட்டதுதானோ என்னமோ, அது எந்தச் 'சுட்டது'ன்னு நான் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவை கேட்டேன், "சாப்பிட வா, ஆறிப்போகும்"னாக. சமையக்காரகிட்ட வேற என்ன பதில் வரும்?

சிரிச்சிட்டல்ல? இப்ப இதையும் கேட்டுக்க.

எனக்கு ஏழெட்டு வயசு. ஒரு ராத்திரி கடலைக் கொல்லைப் பக்கம் 'டம்'முன்னு ஒரே ஒரு சத்தம். தெருவுல நாயெல்லாம் குரைச்சு ஓஞ்சு போச்சு. விடியறதுக்குள்ள எனக்கு முழிப்பு வந்து கொல்லைப்புறம் போனா, எங்கய்யா அடுப்பு மூட்டி, பானை நிறைய வெந்நி கொதிக்க வச்சு, புனலைச் சொருகித் துப்பாக்கிக் குழலுக்குள்ள ஊத்திக்கிட்டு இருக்காக. அந்தப் பக்கம் கறுப்பா வடியுது. அது தெளிஞ்சு வர்ற வரைக்கும் ஊத்தினாக. அப்புறம் துணி கட்டி உருவி, குப்பி எண்ணெயை மயிலிறகால தொட்டுப் பூசினாக. என்னைப் பாத்தாக. ஒண்ணும் பேசல.

அந்த வெந்நி எதுக்குன்னு பின்னாடி ஒரு பழைய சுபேதார்தான் சொன்னாரு. அந்தக் காலத்துத் தோட்டாவோட தீப்பொறி மருந்துல ஒரு உப்பு இருக்கும். சுட்டதும் அது குழலுக்குள்ள படிஞ்சுக்கிட்டு, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து, ரெண்டு நாள்ல குழலைத் தின்னுரும். எண்ணெய்க்கு உப்பு கரையாது, தண்ணிக்குத்தான் கரையும். அதனால முதல்ல வெந்நி, அப்புறம் எண்ணெய். இது சுட்டவனுக்குத்தான் தெரியும்னு சுபேதார் சொன்னாரு. உப்பு எதுல கரையும்னு சமையக்காரனுக்கும் தெரியுமேன்னு நான் சொன்னேன். அவரு பதில் சொல்லல. நானும் இத்தனை வருசமா அதுல எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு முடிவு பண்ணல.

அன்னிக்கு மத்தியானம் வீட்டுல கறி. என்ன கறின்னு ஆத்தா சொல்லல. சாயங்காலம் துப்பாக்கியில நாதாங்கி மாதிரி இருந்ததை உருவினா, முந்தானையில முடிஞ்சுக்கிட்டா, நேராத் தோட்டத்துக் கிணத்துக்குப் போனா. 'தொபுக்'குன்னு ஒரு சத்தம். வந்து கையைக் கழுவிட்டு மாவாட்ட உக்காந்துட்டா. எங்கய்யா ஒரு வார்த்தை கேக்கல. அதோட சரி, துப்பாக்கி பரணுக்குப் போச்சு. ஆயுதக் குறைப்புன்னு ஐ.நா. சபையில மாநாடு போடுறாகளே, எங்க ஆத்தா ஒரு முந்தானையில முடிச்சா. அந்தக் கிணத்தைத் தூத்து 25 வருசமாச்சு, அது மேல இப்ப முருங்கை நிக்குது. போல்ட்டு வேணும்னா முருங்கையை வெட்டிட்டுத் தோண்டு. முருங்கை உங்க அத்தை பாகம். கேட்டுப் பாரு.

பள்ளிக்கூடத்துல நான் உருப்படியாக் கேட்டது தமிழ்ப் பாடம் ஒண்ணுதான். நம்ம ஊருக்காரின்னு நாம உரிமை கொண்டாடுற ஒக்கூர் மாசாத்தியார் எட்டுப் பாட்டு எழுதியிருக்கா. அதுல புறநானூத்துல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, 279ஆவது. தகப்பன் போருல போனான், நேத்துப் புருசன் போனான், இன்னிக்குப் பறை கேட்டதும் ஒத்தைப் புள்ளையைக் கூப்புட்டு வேலைக் கையில கொடுத்து அனுப்புறா ஒருத்தி. ஆயுதம் பரம்பரையாக் கைமாறுறதுக்கு இதைவிடப் பழைய சாட்சி நம்ம ஊருக்கு இல்ல. ஆனா நல்லாக் கவனி. அந்தத் தாய் அந்த நேரத்துல எண்ணெய் எடுத்தா. எதுக்குத் தடவினா? பரட்டையா இருந்த புள்ளையோட குடுமிக்கு. வேலுக்குன்னு மாசாத்தி எழுதல. நீ ஆளிவிதை எண்ணெயைக் கட்டைக்குத் தடவுற, உன் தலை காஞ்சு கெடக்கு.

அதே புத்தகத்துல 95ஆவது பாட்டு அவ்வையாரு. அதியமானுக்காகத் தொண்டைமான்கிட்டத் தூது போறா. அவன் தன் ஆயுதச் சாலையைக் காட்டிப் பீத்திக்கிறான். அவ்வை பாத்தா, எல்லாம் மயிலிறகு சூட்டி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுக்குள்ள பளபளன்னு இருக்கு. "ஆகா, உன்னுது எம்புட்டு அழகா இருக்கு! எங்காளுது எல்லாம் நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்கு"ன்னுட்டா. புகழுற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கா கெழவி. பளபளப்பா மாட்டி வச்ச ஆயுதத்தைப் பத்தி ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே நையாண்டி எழுதியாச்சு பேராண்டி. உன் பெங்களூரு கூடத்துக்கு வர்ற விருந்தாளியில ஒருத்தனாவது அவ்வையாரைப் படிச்சிருந்தா என்ன செய்வ?

ஏன், லைசென்சு இருந்த துப்பாக்கின்னா நான் வேணாங்க மாட்டேன். வாரிசுக்கு வழி இருக்கு. 2016 விதியில, வச்சிருந்தவர் செத்துட்டா வாரிசுக்கு மாத்தலாம். உசிரோட இருந்தா, 70 வயசு ஆகியிருக்கணும், இல்ல 25 வருசம் வச்சிருந்திருக்கணும், புள்ளைக்கு மாத்திக் கொடுக்கலாம். 2019க்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டுதான், மூணாவது கூடாது. அப்படி ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வச்சிருந்தாரு நம்ம கண்மாய்க்கரைப் பங்காளி. சட்டசபைத் தேர்தல் அறிவிச்சா ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும், முடிஞ்சா வாங்கியாரணும். அடுத்து பார்லிமெண்டு. அடுத்து உள்ளாட்சி. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போற பொண்ணு மாதிரி அது போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருந்துச்சு. கடைசியில, "அங்கயே இருந்துக்கம்மா"ன்னு விட்டுட்டு வந்துட்டாரு. அவரு ஆயுசுல அதை வச்சு விரட்டினது ஒரே ஒரு குரங்கு. அதுவும் திரும்பி வந்துருச்சு.

உனக்கு அந்த வழியும் இல்ல. காகிதம் இல்லாத துப்பாக்கிக்கு வாரிசும் கிடையாது. அதனால இப்ப நான் சொல்றதைக் குறும்பு இல்லாமக் கேளு.

அந்த உப்புத்தாளை உள்ள வை. அதைத் தொடாதே. கட்டையைத் தேய்ச்சா முத்திரை போயிரும். முத்திரை போனா அது யாருதுன்னு சொல்ல ஆளே இல்லாமப் போயிரும். உன் வெள்ளைக்காரனே தேய்க்காதேன்னுதான் சொல்லியிருப்பான், நீ முழுசாப் பாத்திருக்க மாட்ட. அதைக் காருல போட்டுக்கிட்டு எங்கயும் கிளம்பாதே, போட்டோ எடுத்து எவனுக்கும் அனுப்பாதே. அனுப்பிட்டியா? அழி. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் தம்பி சிவகங்கையில இருக்கு, நாளைக்கு வெள்ளன வரச் சொல்லியிருக்கேன். பாட்டன் பூட்டன் காலத்துச் சாமான், வீடு பிரிக்கையில கண்டெடுத்தோம், ஒப்படைக்கிறோம்னு எழுத்துல கொடுத்து, ரசீது வாங்கணும். சும்மா வாய்ல சொல்லிக் கொடுக்காதே. ரசீது வாங்காமக் கொடுத்தது எதுவும் இந்த நாட்டுல கொடுத்ததாக் கணக்கு இல்ல. கூடவே இன்னொரு மனுவும் போடுவோம். செயலிழக்க வச்சு மியூசியத்துல வைக்கத் தோது இருந்தா வைங்கன்னு. சென்னை மியூசியத்துல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதமெல்லாம் இருக்கு. 1930லயே அங்க ரசாயனக் கூடம் வச்சு, பழைய உலோகத்துக்கு வைத்தியம் பாக்குறாக. துருவைச் சுரண்டாம நிப்பாட்டுறதுக்கு டானிக் அமிலம்னு ஒண்ணு பூசுவாகளாம். துரு கறுப்பா மாறி இறுகிப்போகும். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அது நம்ம கடுக்காய்ல இருக்கிற சரக்குத்தான். கடுக்காய்த் தண்ணியில ஆணியைப் போட்டு மை காய்ச்சுனவன் நம்ம பாட்டன்.

எடுத்துக்குவாகளா மாட்டாகளாங்கிறது அவுக இஷ்டம். எடுத்துக்கிட்டா நீ டிக்கெட்டு வாங்கிப் போய்ப் பாத்துக்க. பின்கட்டைக்குள்ள இருக்கிற எண்ணெய்க் குப்பியும் கயிறும் அதோடயே போகட்டும். எடுத்து வச்சுக்கலாம்னு கை நீளும், எனக்கும் நீண்டுச்சு. வேணாம். எங்கய்யாவோட மெடல் என்கிட்ட இருக்கு, அதை உனக்குத் தர்றேன். அதுக்கு லைசென்சு வேணாம். அதை வேணும்னா உன் கூடத்துல மாட்டு. கீழ பலகை எழுதுறதா இருந்தா, 'சப்பாத்திக்காகக் கொடுத்தது'ன்னு எழுது. எங்கய்யாவே சிரிச்சிருப்பாக.

மூஞ்சி தொங்கிப்போச்சே. பெங்களூருலருந்து அம்புட்டு ஆசையா வந்தவன் ஒரு துப்பாக்கியையாவது சரி பண்ணாமப் போனா எனக்கும் ஒரு மாதிரி இருக்கு. இப்படி வெளிய வந்து, அண்ணாந்து பாரு. முகப்புல லச்சுமிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சுதைச் சிப்பாய் நிக்கிறான் பாத்தியா? இந்த வீட்டைச் செட்டியார்கிட்டருந்து எங்கய்யா வாங்கறப்பவே நின்னானுக. தொப்பி, மீசை, தோள்ல துப்பாக்கி. இடது பக்கத்தான் துப்பாக்கி நடுவுல ஒடிஞ்சு கம்பி தெரியுது. போன ஐப்பசி மழையில உதிர்ந்துச்சு. எந்தச் சட்டத்துலயும் வராத துப்பாக்கி. சிமெண்டு மட்டும் வைக்காதே, நாலு மழைக்கு மேல தாங்காது. சுண்ணாம்புதான்.

சுண்ணாம்பு கொட்டத்துல இருக்கு. முட்டைக்கும் கருப்பட்டிக்கும் உங்க அத்தைகிட்டச் சொல்லியாச்சு. கடுக்காயை நேத்தே ஊறப் போட்டுட்டேன். பேண்ட்டை மாத்திக்கிட்டு வா, ஏணியை நான் பிடிச்சுக்கிறேன்.